சுவிட்சுக்கு அடங்காத கச்சேரி

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழிலில் இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான் உண்டு: சத்தம் காணாது என்று சண்டைக்கு வருகிறவர்கள், சத்தம் கூடிப்போயிற்று என்று சண்டைக்கு வருகிறவர்கள். கதிரை வாடகைக்காரர்களே, பந்தல்காரர்களே, கல்யாண வீட்டு வீடியோக்காரர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாய்ந்தமருதில் வாப்பா தொடங்கிய கடையை இன்றைக்கு நான் இழுத்துக்கொண்டு திரிகிறேன். போன வருடம் எங்கள் கடற்கரையில் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

யானை இல்லாத சர்க்கஸ்

கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து விஷயத்தைச் சொன்னது. வயலினும் குழலும் பறையுமாக ஒரு பெரிய வாத்தியக் கூட்டம் மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதம் வாசிக்குமாம். வாசிக்க வாசிக்க ஒருவர் கதை சொல்வாராம். அந்தக் கதையைச் சில பேர் துணியில் தொங்கியும், கம்பத்தில் ஏறியும், பந்துகளை எறிந்து பிடித்தும் காட்டுவார்களாம். கல்யாணம், கூட்டம், கந்தூரி என்று மூன்றுக்கு மட்டும் வயர் இழுத்துப் பழகியவன் நான். இது அந்த மூன்றில் எதில் சேரும் என்று விளங்காமலே ஓம் என்றேன்.

ஊருக்கு அறிவிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஓட்டோவில் ஹோன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "இசை, கதை, சர்க்கஸ், மூன்றும் ஒரே மேடையில்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனேன். கல்முனைச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, யானை வருமா என்று கேட்டார். இல்லை என்றேன். புலி? அதுவும் இல்லை. மனிதர் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டார். "யானையும் இல்ல, புலியும் இல்ல. அப்ப கூண்டுக்குள்ள நம்மளயா வெக்கப் போறாங்க?"

வாக்கு

மேடை போட்ட மைதானத்துக்கு அடுத்த தெருவிலே பள்ளிவாசல். அதன் தலைவர் இஸ்மாயில் ஹாஜியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சூரியன் மறைந்ததும் மஹ்ரிப் பாங்கு சொல்லும்போது மைதானத்திலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஊரில் எப்பேர்ப்பட்ட பேச்சாளரையும் பாங்கு நேரத்தில் ஒரு விரலால் ஊமையாக்குகிறவன் நான். சுவிட்ச் என் கையில்தானே இருக்கிறது. நான் பொறுப்பு ஹாஜியார் என்றேன்.

இதில் எனக்குள்ள பயத்தையும் சொல்ல வேண்டும். பெருநாள் தொழுகைக்குத் திடலில் ஒலிபெருக்கி கட்டுவது வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடைதான். அதற்குக் காசு வாங்குவதில்லை. ஊரே வந்து தொழுகிற இடத்தில் நம்முடைய பெட்டியிலிருந்து இமாமின் குரல் வருகிறதே, அந்தப் பெருமை போதும். அது கைவிட்டுப் போனால் என் வீட்டுக்குள்ளேயே நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஹாஜியாருக்கு இது நன்றாகத் தெரியும். "நீ பொறுப்பு எண்டா சரி மகன். சத்தம் வந்திச்சோ, பெருநாளைக்கு மருதமுனைக் கடைக்காரனக் கூப்பிடுவன்."

பிளக்கைத் தேடி

நிகழ்ச்சி நாளன்று பஸ்ஸிலிருந்து வாத்தியங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. நான் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போய் பிளக் எங்கே என்று கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. ஆளைவிட உயரமான ஒரு வயலின் வந்தது. இதற்காவது இருக்கும் என்று அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன். அதை வைத்திருந்தவர் அதைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

பிறகு ஒத்திகைக்காக ஒரு தடவை வாசித்தார்கள். நான் இன்னும் பெட்டியையே போடவில்லை. அதற்குள் தென்னைகளில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. இவர்களை எந்தச் சுவிட்சால் நிறுத்துவது?

கதை சொல்ல வந்திருந்தவர் பாண்டிருப்புத் தவராசா மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவர். அவரிடம் ஓடினேன். அவர் என்னை முன்னால் நின்று கோலாட்டி நடத்துகிறவரிடம் கூட்டிக்கொண்டு போய் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். கோல்காரர் சிரித்தார். நாலரைக்குத் தொடங்குகிறோம், பாங்கு நேரத்துக்கு நாங்கள் பஸ்ஸில் ஏறியிருப்போம் என்றார். எனக்கு உயிர் வந்தது. மாஸ்டர் அதை மொழிபெயர்த்துவிட்டுத் தன் பங்குக்கு மெதுவாக ஒன்று சொன்னார். "மனிசன் இன்னும் நம்மட ஊர் பிரதம அதிதிகளக் காணல்ல."

பொன்னாடை

நாலரைக்குப் பிரதம அதிதி வரவில்லை. அவர் வந்தபோது விசேட அதிதி வரவில்லை. இருவரும் வந்து சேர்ந்ததும் வரவேற்புரை, தலைமையுரை, பிறகு பொன்னாடை. கோல்காரருக்கும் ஒன்று போர்த்தினார்கள். கழற்றினால் மரியாதைக் குறைவு என்று யாரோ அவரிடம் சொல்லிவைக்க, கறுப்புக் கோட்டுக்கு மேலே அதையும் போட்டுக்கொண்டு மனிதர் வியர்வையில் குளித்தார். நான் சூரியனைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தேன். மேடையில் ஒருவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "நேரம் போதாமையினால் எனது உரையைச் சுருக்கிக்கொண்டு, இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன்."

துணியில் ஏறிய பெண்

கடைசியில் தொடங்கினார்கள். அப்பாடா, என்னத்தைச் சொல்ல! ஊர்க் காற்றை ஒரு மேகம் களவெடுத்துக்கொண்டு போகிறது, தோணிகள் கடலில் அசையாமல் நிற்கின்றன, மீன்பிடிக்கிறவரின் மனைவி காற்றைத் திருப்பிக் கேட்க வானத்துக்கு ஏறுகிறாள். இதுதான் மாஸ்டர் சொன்ன கதை. அந்த மனைவியாக வந்த நிலுஷி என்ற பெண், உயரத்திலிருந்து தொங்கிய நீலத்துணியைக் காலில் சுற்றிச் சுற்றி மேலே போனாள். வயலின்கள் எல்லாம் அவளோடு சேர்ந்து ஏறின. இத்தனை வருடம் பாட்டுப் போட்டவன், பாட்டு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

மேகமாக வந்தவன் பந்துகளை எறிந்து பிடித்துக்கொண்டே ஒற்றைச் சில்லு சைக்கிளில் சுற்றினான். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு ராத்தா கன்னத்தில் கைவைத்தபடி பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே சொன்னார். "நம்மட ஊட்டு மனிசனுக்கு ஒரு கோப்ப பிளேன்டியச் சிந்தாமக் கொண்டு வரத் தெரியல்ல."

பாங்கு

நிலுஷி உச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். பறை அதிர்ந்ததும் அவள் ஒரே சறுக்கில் கீழே வர வேண்டும். வாத்தியங்கள் எல்லாம் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. என் விரல் தானாகச் சுவிட்சைத் தட்டியது. மாஸ்டரின் மைக் செத்தது. கச்சேரி அசையவில்லை. என் பெட்டி சனத்துக்குப் பின்னால், மேடை முன்னால், நடுவில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஓடிப் போகவும் வழியில்லை. பெருநாள் திடல் போயிற்று, வாப்பா, மன்னிச்சிக்கோங்க என்று மனதுக்குள் அழுதேன்.

காப்பாற்றியது மாஸ்டர். பக்கத்துக் கோயில் ஊரான பாண்டிருப்பில் பிறந்தவருக்கும் பாங்கு எங்களுக்குப் போலத்தான் காதில் விழும். இரண்டே எட்டில் போய், கோல் தூக்கிய கையை அப்படியே பிடித்துக்கொண்டார். வாத்தியங்கள் நின்றன. பாங்கும் கடல் சத்தமும் மட்டும் கேட்டன. பெண்கள் பக்கம் முழுக்க முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார்கள். மேலே தொங்கிய நிலுஷி அதைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக நிமிர்ந்து துணியிலேயே ஊஞ்சல் மாதிரி உட்கார்ந்து, அந்த நீலத்துணியின் ஒரு பக்கத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் எங்கள் ஊரில் பள்ளி ஒன்றா இரண்டா? ஒவ்வொரு பள்ளி மணிக்கூடும் ஒவ்வொரு நேரம் காட்டும். ஒன்று முடிந்ததும் கோல்காரர் பொன்னாடையைச் சரிசெய்து கையைத் தூக்குவார், அடுத்த பள்ளியில் தொடங்கும், கை இறங்கும். பறைக்காரர் ஓங்கிய கோலோடு சிலையாக நின்றார். சிரிக்கவும் கூடாது, அடக்கவும் முடியாது. சனமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. கடைசிப் பள்ளியும் ஓய்ந்த பிறகும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அந்த முன்வரிசை ராத்தாதான் எழும்பி நின்று மேலே பார்த்துச் சொன்னார். "இனி இறங்குங்க மகள். பள்ளியெல்லாம் முடிஞ்சி."

பறை விழுந்தது. நிலுஷி காற்றைக் கொண்டு இறங்கினாள். ஆண்கள் எழும்பித் தொழுகைக்கு ஓட, பெண்கள் பக்கத்துக் கைதட்டலோடு மட்டும் கச்சேரி முடிந்தது.

தீர்ப்பு

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தொழுதுவிட்டு ஹாஜியார் வந்தார். முதல் பாங்கின் நடுவில்தான் வாத்தியம் நின்றது என்பதை நானே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பள்ளிக்குள் ஒலிபெருக்கியின் கீழேயே நின்றவருக்கு எங்கள் சத்தம் எங்கே கேட்டிருக்கப் போகிறது? கடைசிப் பள்ளிவரைக்கும் நிலவிய அமைதி மட்டும்தான் அவர் காதுக்குப் போயிருந்தது. "அவ்வளவு பெரிய கூட்டத்த ஒத்த விரலால அடக்கிப் போட்டாய். பெருநாள் திடல் ஒனக்குத்தான் மகன், வாப்பாட பேரக் காப்பாத்திட்டாய்."

இந்தத் தொழிலில் எனக்கு மெய்யாகவே நல்ல பெயர் வாங்கித் தந்த ஒரே சரக்கு, என் கடையில் இல்லாத, நான் கொண்டுபோகாத, என் சுவிட்சால் வரவழைக்க முடியாமல் போன அந்த அமைதிதான்.