சிவப்பாக வந்த தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் கோட்டைக்குப்பத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் நான் பழவேற்காடு கடைத்தெருவில் மொபைலும் படகுக்காரர்களின் ஜி.பி.எஸ். கருவியும் பழுது பார்க்கிறவன். தானாக அணைகிற திரை, நடுராத்திரியில் தானாக அழைப்புப் போடுகிற போன் என்று என் மேஜைக்கு வந்த அத்தனை பேய்க்கும் காரணம் உப்புக்காற்றுதான். பச்சை பிடித்த செம்பைச் சுரண்டி சாலிடர் வைத்தால் பேய் ஓடிவிடும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டமாக வேண்டியது எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

என் தம்பி சேகருக்குக் கையடக்க வீடியோ கேம் பைத்தியம். சென்னையில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒன்றை வாங்கி வந்து, கல்யாணம் ஆன பிறகும் அதை விடவில்லை. அதில் அவன் விளையாடிய விளையாட்டில் ஏரிக்கரையில் ஒரு கிராமம், ஒரு படகுத்துறை, நாம் ஒரு ஆள். ஆரம்பத்தில் என்ன பெயர் கொடுக்கிறோமோ அந்தப் பெயர் சொல்லித்தான் ஊரே நம்மைக் கூப்பிடும். அப்புறம் மாற்ற முடியாது. இவன் தன் பெயரையே ஆங்கில எழுத்தில் கொடுத்து, நூற்று நாற்பது மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருந்தான். ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்து இன்னொரு ஏரியில் மீன் பிடிக்கிறாயே, உனக்கு அலுக்கவில்லையா என்று கேலி செய்வேன்.

விளையாடுவதைப் படம் பிடித்து யூடியூபில் போட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அந்த மிஷினில் டிவிக்குப் போகிற வழியே இல்லை. நான்தான் வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்துப் படித்து ஒரு போர்டு செய்தேன். விஷயம் இதுதான்: உள்ளே இருந்து திரைக்குப் பட்டையாக ஒரு கேபிள் போகும், சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களைச் சொல்கிற இணைப்புகள் அதில் இருக்கும். அந்த ஒவ்வொரு இணைப்பிலும் தலைமுடி கனத்தில் ஒரு கம்பியைச் சாலிடர் வைத்து என் போர்டுக்கு இழுத்து, அங்கிருந்து யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்கு. திரைக்குப் போகிற அதே சிக்னல்தான் லேப்டாப்புக்கும் போகும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒன்றும் லேப்டாப்பில் வேறொன்றும் வரவே முடியாது.

போர்டு முடிந்த அன்று காலை வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் படத்தை எடுத்தேன். தொடக்கத் திரை. சேகர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பேரு நல்லா வருது ணா. தண்ணிதான் செவப்பா கீது."

சிவப்புக் கம்பிகளையும் நீலக் கம்பிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. அந்தப் படத்தை அப்படியே சேமித்துவிட்டு, நிறத்துக்கு ஐந்தாக அந்தப் பத்துக் கம்பிகளையும் பிரித்து மறுபடி வைத்தேன். மதியம் ஆகிவிட்டது. இனி உப்புக்காற்று அண்டக் கூடாது, கம்பிகளும் அசையக் கூடாது என்று நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான். ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிற ரெசினை எடுத்துக் கொட்டாங்குச்சியில் ஹார்ட்னர் விட்டுக் கலக்கினேன். கலந்தால் கால் மணி நேரத்தில் இறுகிவிடும், அதற்குள் கம்பிகள்மேல் ஊற்றியாக வேண்டும்.

அப்போதுதான் படகில் இருந்து போன் வந்தது. எங்கள் படகில் வீட்டுக்கு ஒரு ஆள். எந்த ஆள் என்று கேட்க மாட்டார்கள், பங்கு வீட்டுக்குத்தான். ஒருநாள் நான், ஒருநாள் சேகர். அன்று முறை என்னுடையது. மதியம் போய் வலை விட்டு மறுநாள் காலை திரும்புகிற தொழில்.

"ரெசின் கலந்துட்டேன்டா. இன்னிக்கு ஒரு தபா நீ போயேன்."

"இன்னா ணா, நேத்துதான போனேன்" என்று முனகினான். ஆனால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனான். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. அலை பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்தது. நான்கு பேர் நீந்திக் கரையேறினார்கள். சேகர் மூன்றாம் நாள் தெற்கே ஒதுங்கினான். படகு கவிழ்ந்த செய்தி வந்து நான் எழுந்து ஓடியபோது ரெசின் மட்டும் ஒரு குமிழி இல்லாமல் அருமையாகக் காய்ந்திருந்தது.

இழவு வீட்டில் கேட்டவர்களிடம் எல்லாம் நான் சொன்ன பொய் இது: "அவனாத்தான் ஆசப்பட்டுப் போனான்." சேகரின் மனைவி நாகம்மா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை, கருவாட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளிடமும் அதையே சொன்னேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள், நல்ல வெயில் நேரம். நாகம்மா வந்து நின்றாள்.

"அவரு வெளயாடுனத ஒரு தபா பாக்கணும் மாமா."

மறுக்க மனம் வரவில்லை. மிஷினில் பேட்டரி போட்டு, கம்பியை லேப்டாப்பில் செருகி அவள் மடியில் வைத்தேன். மிஷினை என் கையில் வைத்துக்கொண்டேன். தொடக்கத் திரையில் சேகர் என்று அவன் பெயர், நூற்று நாற்பது மணி, நீலத் தண்ணீர். உள்ளே நுழைந்து அவன் கடைசியாக நிறுத்தியிருந்த படகுத்துறைக்குப் போனேன். அங்கே நிற்கும் படகோட்டி, எப்போதும் சொல்கிற வரியைச் சொன்னான்: வா சேகர், படகு தயார்.

"இன்னா மாமா, உங்க பேரு போட்டிருக்கு?"

அவள் பத்தாவது படித்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். நான் மிஷினை அவளிடம் காட்டினேன். சேகர். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

வா பழனி, படகு தயார்.

என் பெயர் பழனி.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். நான்கு முறை செய்திருப்பேன். என் கையில் சேகர், அவள் மடியில் பழனி. கம்பி பழுதானால் நிறம் கெடும், கோடு விழும், படமே வராமல் போகும், அதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரை எழுத்து எழுத்தாக எழுதுகிற பழுதை நான் பார்த்ததில்லை.

"வயர்ல ஏதோ தப்பு" என்றேன்.

"வயரு பேர மாத்துமா மாமா?"

நான் மறுபடி கம்பியைப் பிடுங்கப் போனேன். அவளே கேட்டாள், குரலை உயர்த்தாமல். "அன்னிக்கு மொற யாருது?"

"என்னுது."

"தெரியும். வீட்டு மொற எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துனு இருந்தேன்."

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அதையாவது செய்திருக்கலாம். கம்பியை அறுத்துக் கொடுங்கள் என்றாள். அறுத்தேன். மிஷினை முந்தானையில் முடிந்துகொண்டு, தடா பக்கம் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், இன்றுவரை வரவில்லை. உள்ளே ரெசின் பாறையாக இருக்கிறது. உடைக்காமல் எந்தக் கம்பியையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, நானே அதற்கு வழி இல்லாமல் செய்துவைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் துக்கத்தில் இரண்டு பேருக்கும் கண் பிசகியது என்று சொல்லி என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். அவள் போன மறுவாரம், லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சேகர் போன அன்று காலை எடுத்த முதல் படம் கண்ணில் பட்டது. திறந்தேன். சிவப்பான தண்ணீர், நூற்று நாற்பது மணி, மேலே பழனி என்று என் பெயர். சேமித்த நேரம் அன்று காலைதான், அதற்குப் பிறகு அந்தக் கோப்பை யாரும் தொடவில்லை.

அன்று கம்பி சரியாக வந்திருக்கிறதா என்கிற கவலையில் நான் நிறத்தைத்தான் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தவன் சேகர். பேர் நல்லா வருது என்று சிரித்தவன் அவன். அவன் எந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்தான் என்பது தெரியவில்லை. இன்னும் அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.