ஆற்றுத் திருவிழாவில் இடம் காத்த நாள்

19 ஜனவரி 2024, வெள்ளிக்கிழமை. தை ஐந்து. காலை 3.50க்கு எழுந்தேன். வழக்கமாக 4.45. ஐம்பத்தைந்து நிமிடம் முன்னால் எழுந்ததற்குக் காரணம் ஆற்றுத் திருவிழா. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். நாற்பத்தெட்டு இட்லி, புளியோதரை, தேங்காய்த் துவையல், வேகவைத்த மல்லாட்டைக் கடலை இரண்டு படி. பெரிய ஃபிளாஸ்கில் காபி. 5.25க்கு அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து புறப்பட்டேன். அலுவலகத்துக்குத் தற்செயல் விடுப்பு முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்த கையோடு எல்லாரும் தென்பெண்ணை ஆற்றுக்குப் போவோம். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றில் இறங்கும். சாமியைப் பார்ப்பது அரை மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் மணலில் தார்ப்பாய் விரித்து, நாலு கழி நட்டு மேலே பழைய புடவையைக் கட்டி, சாப்பிட்டு, தண்ணீரில் ஆடி, ராட்டினம் சுற்றி, சாயங்காலம் வீடு திரும்புவது. வருஷத்தில் அன்று ஒருநாள் மட்டும் கூடைகூடையாக விற்பனைக்கு வரும் சுருளிக்கிழங்கை வாங்கித் தின்னாமல் யாரும் கரையேற மாட்டார்கள்.

தண்ணீருக்குப் பக்கத்தில், வெயில் சாயும்போது பாலத்தின் நிழல் விழும் இடம்தான் எல்லாருக்கும் வேண்டும். அதற்காகத்தான் விடியும் முன்பே போவது. ஆனால் விரித்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. ஆள் இல்லாத தார்ப்பாய்க்கு ஆற்றில் மரியாதை கிடையாது. யார் வேண்டுமானாலும் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தங்களுடையதை விரிக்கலாம். அதைத் தப்பு என்று சண்டை போட முடியாது. மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். தினமும் போக வர இரண்டரை மணி நேரம் பேருந்தில் போகிறது. வீட்டில் முன்பு எனக்கென்று ஒரு அறை இருந்தது. அண்ணன் மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அது அவன் படிக்கும் அறையாயிற்று. நான் கூடத்தில் படுக்கிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே பாயை எடுத்து வெளியே போட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு வீடு பார்த்தேன். மாடியில் ஒற்றை அறை, சமையலறை, துணி காயப்போட இடம். கீழே வீட்டுக்காரம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. என் அடையாள அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "வேல நல்ல வேலதான். ஆனா தனியா இருக்கற பொம்பளைக்கு வுடறேன்னா, வீட்டு மனுசங்க யாராச்சும் ஒரு வார்த்த பேசணும்மா. உங்க அண்ணன் நம்பர் குடுங்க. பத்தொம்பதாந் தேதி சாயந்தரம் ஆறு மணிக்குள்ள அவர் பேசிட்டா சாவி உங்களுது. இல்லன்னா இன்னொரு ஃபேமிலி கேட்டுனு இருக்காங்க" என்றார்.

அலுவலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பும் மேலே போகாது. இருந்தும் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணனிடம் சொல்லப் பத்து நாள் இருந்தது. சொல்லவில்லை. பொங்கல் முடியட்டும் என்று தள்ளினேன். கடைசியில் ஆற்றில், பலகாரம் முடித்து அவர் சந்தோஷமாக இருக்கும்போது 10.30க்குச் சொல்வதென்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களையும் எழுதி வைத்தேன்.

5.50க்குத் தார்ப்பாய் விரித்தோம். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி. என்னை உட்கார வைத்துவிட்டு அண்ணன் திரும்பிப் போனார். 9.15க்கு வேனில் எல்லாரும் வந்தார்கள். அண்ணன், அண்ணி, பத்தாவது படிக்கும் மகன், ஏழாவது படிக்கும் மகள், அண்ணியின் பிறந்த வீட்டார் ஆறு பேர்.

10.30க்கு அண்ணன் இட்லியை முடித்து ஏப்பம் விட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணியின் தம்பி, "இன்னா மாமா, செமயா இடம் புட்சிகிறீங்க" என்றார்.

"நான் எங்கடா புட்ச்சேன்? எங்க பாப்பா உட்காந்துட்டா கலெக்டரே வந்தாலும் எழுப்ப முடியாது" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் இன்னும் நான் பாப்பாதான்.

பிறகு தண்ணீருக்குக் கிளம்பினார்கள். "ஃபோன்லாம் அத்தைகிட்ட குடுங்க, நனஞ்சா பேஜாரு" என்று அண்ணன் மகள் எல்லாருடைய கைபேசியையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டு என் மடியில் வைத்தாள். ஏழு கைபேசிகள். தவிர செருப்பு பத்து ஜோடி, கைக்கடிகாரம் நான்கு, அண்ணி கழற்றிய வளையல் ஆறு, மாற்றுத்துணிப் பை ஐந்து.

11.40க்குப் பக்கத்துத் தார்ப்பாயிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமாம். "அக்கா, நீங்க எப்படியும் இங்கதானே உட்காந்துனு இருப்பீங்க? இது தூங்கினு இருக்கு. சாமி பாத்துட்டு ஜல்தி வந்துடறேன்." குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்து, ஒரு குடத்தையும் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து மறுபக்கத்துத் தார்ப்பாய்க் குடும்பமும் அடுப்பையும் ஒரு மூட்டையையும் கொண்டுவந்து வைத்தது. "உங்களப் பாத்தாலே தெரியுதும்மா, பொறுப்பானவங்கன்னு" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

தண்ணீர் எனக்கு இருபதடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான். அண்ணி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள். குழந்தையின் தலைக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்தபடி நானும் கையாட்டினேன். கால் மரத்திருந்தது. எழுந்து நிற்கலாம், தார்ப்பாயை விட்டு இறங்கத்தான் முடியாது. தார்ப்பாயின் மேலேயே நாலு மூலைக்கும் நடந்து பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை, எங்கள் தெருச் சாமியோடு வந்தவர்களுடன் பந்தலில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் இவர்களும் ராட்டினத்துக்குக் கிளம்பினார்கள். "நானும் கொஞ்ச நேரம் போயி அண்ணனப் பாத்துட்டு வரேன், யாராச்சும் உட்காருங்க" என்றேன். "அண்ணன நாங்க அனுப்பறோம், நீங்க இருங்க" என்றாள் அண்ணி. அனுப்ப மறந்துவிட்டாள்.

3.20க்கு மஞ்சள் பைக்குள் அண்ணனின் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவின் எண். அண்ணனின் கைபேசி என் கையில், அண்ணன் எங்கேயோ கூட்டத்தில். நான் எடுத்துப் பேசினால் அது நான் பேசியதாகத்தான் ஆகும். ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே என் கைபேசி அடித்தது.

"உங்க அண்ணன் எடுக்கலியேம்மா?"

"ஆத்துல இருக்காருங்க. ஃபோன் என்கிட்ட இருக்கு."

"அவருக்கு விசயம் தெரியும்ல?"

"இப்ப சொல்லிடறேங்க."

"இன்னும் சொல்லவே இல்லியா?" என்று சிரித்தார். "சரி, ஆறு மணி வரைக்கும் பாக்கறேன்."

4.20க்குத்தான், குழந்தை இருமுறை விழித்து அழுது மறுபடி தூங்கிய பிறகு, அதன் தாய் வந்தாள். நான் எழுந்தேன். "பத்து நிமிசம் இதுல உட்காரும்மா, நான் வந்துடறேன்" என்றேன். என் கையிலிருந்த பையைப் பார்த்து, "எங்கக்கா, பாத்ரூமா?" என்றாள். ஆமாம் என்றேன். மரத்த காலோடு மணலில் நடந்தேன். பதினோரு வருஷத்தில் அன்றுதான் கடைத் தெருப்பக்கம் போனேன்.

அண்ணன் ராட்டினத்தின் கீழே பிள்ளைகளுக்காகக் காத்துக்கொண்டு கிழங்கு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா பாப்பா, இடத்த வுட்டுட்டு வந்துட்ட?"

எழுதி வைத்திருந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். ராட்டினச் சத்தத்தில் இரண்டாவதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"வூடா? எதுக்கு? நம்ம வூட்ல உனக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்லண்ணே. எனக்குன்னு ஒரு கதவு வேணும். உள்ள போயி தாப்பா போட்டுக்கணும். அவ்ளோதான்."

"இந்த வயசுல தனியா இருப்பியா?"

"நாப்பத்தேழுண்ணே. வேற எந்த வயசுல இருக்கறது?"

அண்ணன் கிழங்குத் தோலைக் கீழே போட்டார். "தங்கச்சிய தொரத்திட்டான்னு ஜனம் பேசும். அத யோசிச்சியா? அம்மா போம்போது என் கையப் புட்சிகினு இன்னா சொல்லிச்சு?" அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். அவர் அதட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அவருடைய கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தி நீட்டினேன். மணி 4.52. மறுகாதைப் பொத்திக்கொண்டு அண்ணன் மிக மரியாதையாகப் பேசினார். "வணக்கங்க. ஆமாங்க, என் தங்கச்சிதான். தங்கமானதுங்க. அதில்லீங்க... எங்களுக்கே இப்பதான் தெரியும். வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோங்க. நீங்க அந்த இன்னொரு ஃபேமிலிக்கே குடுக்கறதுன்னாலும் குடுத்துடுங்க, ஒண்ணும் இல்ல."

கைபேசியைப் பையில் போட்டார். கூடைக்காரியிடம் ஒரு கிழங்கு வாங்கி, தானே தோலுரித்து என் கையில் கொடுத்தார். தின்றேன். சூடாக, நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது எங்கள் தார்ப்பாய் பாதியாக மடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணின் உறவினர் எட்டுப் பேர் பாலத்தின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி இடுப்பில் கைவைத்து வெயிலில் நின்றாள்.

"பதினோரு வருசத்துல ஒரு நாளு இப்புடி ஆனதில்ல. எங்க போயிட்டீங்க?"

நான் வீடு பார்த்ததை அண்ணன் சொன்னார். அண்ணி முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். "அப்போ காலைல இதுங்கள யாரு கெளப்பறது? நான் எழுப்பினா எந்திரிக்குங்களா?" என்று சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினாள். பிறகு என் தோளைத் தொட்டு, "நான் ஏதாச்சும் சொல்லிட்டனா?" என்றாள். இல்லை என்றேன். அதுவும் உண்மை.

"அத்தை போயிட்டா அடுத்த வருசம் யாரு இடம் புடிக்கிறது?" என்றான் அண்ணன் மகன்.

"நீதான்" என்றாள் அவன் தங்கை. "ஃபோன் இல்லாம ஒரு நாள் பூரா உட்காரு பாக்கலாம்."

5.30க்கு வேன் கிளம்பியது. பாலத்தின் மேல் வரிசையாக வண்டிகள் நின்றன. வேனில் நான் நடுவில். ஒரு பக்கம் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மறுபக்கம் பாத்திரக் கூடை. 5.58க்குக் கைபேசியை எடுக்க நினைத்தேன். எடுத்தால் அண்ணி விழித்துக்கொள்வாள். 6.00 ஆயிற்று. வேன் நகரவில்லை. 6.10க்கும் அதே இடம்தான். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் துலக்கினேன், மாவு அரைத்தேன். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் மட்டும், படுக்கப் போகுமுன் கூடத்துக்கு வந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

20 ஜனவரி, சனிக்கிழமை. விடுமுறை. 4.45க்கு எழுந்தேன். முதல் வேலையாகக் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு 5.20க்குப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். 5.35 வண்டி. 6.50க்குத் திண்டிவனத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரம்மா பால் பாக்கெட்டோடு வந்து திறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"யாரும் வரலீங்க. நான் மட்டுந்தான் பேச வந்திருக்கேன்" என்றேன்.