கிளிப் மாட்டிய விரல்

டெய்லரம்மாவுக்கு மெஷின் என்றால் பயம் கிடையாது. கல்யாணமாகி வந்த வீட்டின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த தையல் மெஷினைத் தானே கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு ஓட வைத்தவர். நூல் அறுந்தால் எதனால் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் பெயிண்டர். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கட்டிலைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த மெஷின்களைப் பார்த்து டெய்லரம்மா மிரளவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

அதற்குக் காரணம் இருந்தது. மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து வந்த பெயிண்டருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படம் அந்த நிமிஷமே வேறு ஊரில் இருந்த பெரிய டாக்டரின் செல்போனுக்குப் போனது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று அவர் அங்கிருந்தே சொல்ல, இங்கே மருந்து ஏற்றினார்கள். முன்பெல்லாம் இப்படி வந்தவர்கள் வீடு திரும்பியதில்லை என்றார் நர்ஸ்.

பெயிண்டரின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் எண் ஓடும், குறைந்தால் அலறும். அதே எண் வார்டின் மறுகோடியில் நர்ஸ் மேஜையிலும் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாக் கட்டிலையும் பார்த்துவிடலாம் என்பதால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் பகலில் ஒரே நர்ஸ்.

வம்பு பெயிண்டரின் விரலில் இருந்தது. தின்னரிலும் உப்புத்தாளிலும் காய்த்துப்போன விரல். போதாததற்குச் சில்லிட்டும் கிடந்தது. கிளிப் அடிக்கடி ஏமாந்தது. ஆள் நன்றாக இருக்கும்போதே மெஷின் கத்தும். நர்ஸ் ஓடி வந்து, விரலைத் தேய்த்து, வேறு விரலில் மாட்டி, "ஒண்ணுமில்லக்கா, விரல்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். பெயிண்டர் கண் அசந்தால் மறுபடி கத்தும்.

"இது உனக்கு மேல இருக்குடி," என்றார் பெயிண்டர், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து. "நீயாவது நான் தூங்கிட்டா பேச்சை நிறுத்துவ."

சிரிக்கப் பார்த்தார், இருமலாகிவிட்டது. சேர்த்ததிலிருந்து அவர் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் அதை நிறுத்தச் சொல்லேன் என்று குழந்தை மாதிரி கெஞ்சினார். டெய்லரம்மா போய்க் கேட்டதற்கு, நிறுத்தக் கூடாது, வேலை போய்விடும் என்றார் நர்ஸ்.

அன்று மதியம் மெஷின் மறுபடி கத்தியபோது, டெய்லரம்மா கிளிப்பைக் கழற்றித் தன் வலது கை விரலில் மாட்டிக்கொண்டார். சிக்கிய நூலை எடுத்துவிடுவது போல ஒரு சின்னக் கைவேலை, அவ்வளவுதான். எண் தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. சத்தம் அடங்கியது. தூரத்து மேஜையில் நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

பெயிண்டர் தூங்கிப்போனார். டெய்லரம்மா அவர் கையைப் பிடித்தபடி திரையையே பார்த்திருந்தார். எண் அசையவில்லை. அது தன்னுடைய எண் என்பதே கொஞ்ச நேரத்தில் அவருக்கு மறந்துபோனது.

பிடித்திருந்த கை மேலும் சில்லிட்டது. தேய்த்துவிட்டார். சூடேறவில்லை. அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். உதடு, சேர்த்த அன்றைக்கு இருந்த அதே நீலம்.

அவர் போட்ட கூச்சலில் நர்ஸும் டியூட்டி டாக்டரும் ஓடி வந்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், குழாய் இறக்கினார்கள். எதுவும் பலிக்கவில்லை. அந்த அமளியிலும் திரையில் தொண்ணூற்றெட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸ்தான் டெய்லரம்மாவின் விரலைப் பார்த்தார். கிளிப்பை உருவி எடுத்தார்.

பிறகு வராந்தாவில் டெய்லரம்மா கேட்டார்: "ஒரு தடவை எந்திரிச்சு வந்து பாத்திருக்கலாமே சிஸ்டர்?"

"ஸ்க்ரீன்ல நல்லா இருந்துச்சேக்கா," என்றார் நர்ஸ். அதற்கு மேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின், அப்பா கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள்.

டெய்லரம்மா வலது கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"இல்லடி," என்றார். "நல்லா தூங்கினாரு."