மூடிய தொட்டியில் பந்தி

2003 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. காற்று இல்லை, வானத்தில் மூன்று மேகத்துண்டுகள். இருங்காட்டுக்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, மேலே பதினெட்டுச் செங்கல் வைத்தேன்.

தண்ணீர் பச்சையாகி லேசாக மீன் வாடை அடித்தது. மாடியில் குடியிருந்த, கார் கம்பெனியில் வேலை பார்த்த நான்கு திருநெல்வேலிக்காரர்கள் தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். கூலி நூற்றைம்பது. முப்பத்தோரு வருடம் தாவரவியல் நடத்தியவனுக்கு அது வீண் செலவாகப் பட்டது. பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. பதினைந்து நாள் இருட்டில் கிடந்தால் பட்டினியில் சாகும். ஷிப்டுக்குக் கிளம்பியவர்களை நிறுத்தி இதை இருபது நிமிடம் விளக்கினேன்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. வாடை இரண்டு மடங்கு.

“சார், மீன் தின்னுட்டு கை கழுவலியானு லைன்ல சூப்பர்வைசரு கேக்காரு. மீனக் கண்ணால பாத்தே ரெண்டு மாசமாச்சு,” என்றார் நால்வரில் மூத்தவர். “மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா வேற ரூம் பாத்துக்கிடுதோம்.”

“இன்னும் ஆறே நாள்,” என்றேன்.

“பாசி சாவுதோ இல்லியோ, அதுங்க நாலும் பூடும்,” என்றாள் என் மனைவி. “ஆளக் கூப்ட்டு கழுவி வுடுங்க.”

நான் கூப்பிடவில்லை. ஏலத்தில் எடுத்த பழைய மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். பச்சைப் பாசிகள் செத்து அழுகியிருந்தன. அழுகலில் பாக்டீரியா மொய்த்தது. நடுவே ஓர் ஒற்றைச் செல் உயிர். வெயிலில் தானே உணவு தயாரிக்கும் பொன்னிறத் தகடு அதன் உடலுக்குள் இருந்தது. இருட்டில் அது சும்மா இருக்கவில்லை. சாட்டை போன்ற இழையைச் சுழற்றி பாக்டீரியாவை இழுத்து விழுங்கியது. பத்து நிமிடத்தில் நான்கு. தாவரத்துக்கும் விலங்குக்கும் நடுவே கரும்பலகையில் நான் வருடாவருடம் போட்ட கோட்டின் மேலேயே அது நீந்திக்கொண்டிருந்தது. பட்டினி போடுவதாக நினைத்து அதற்குப் பந்தி வைத்திருக்கிறேன். மீன் வாடையும் அது போட்டதுதான்.

உடனே கழுவியிருக்கலாம். எது எத்தனை விழுங்குகிறது என்று எண்ணியே மேலும் ஒரு வாரத்தைக் கழித்தேன்.

முப்பதாம் தேதி கழுவ ஆள் வந்தபோது, மாடிப்படியில் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூத்தவரைக் கெஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவைத்தேன்.

“நல்லாத்தான் திங்கு, சார்,” என்றார். “நாங்க அடுத்த தெருவுல அட்வான்ஸ் குடுத்துட்டோம்.”

மாதம் ஆயிரத்து அறுநூறு வாடகை வந்த அறைகள் மூன்று மாதம் காலியாகக் கிடந்தன. தார்ப்பாய் இருநூற்றுப் பத்து, கழுவிய கூலி நூற்றைம்பது. ஆக, ஐயாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.