மருந்து தின்னும் மண்

பத்திநாதனைக் கோபக்காரர் என்பவர்கள், அவர் எத்தனை வருடம் பொறுத்திருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 1971 முதல் பூச்சி மருந்து அடித்தவர். மருந்து கலக்கும் பீப்பாய், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு மேலே இருந்தது. அதைக் கழுவிய தண்ணீர் சரிவில் இறங்கும். கீழேதான் நாற்பது குடும்பம் குடிநீர் பிடிக்கும் பீலி. அவர் மனைவி சிசிலி கொண்டுவரும் குடத்திலும் மருந்து வாடை. பீப்பாயை வேறிடத்தில் வைக்கச் சொல்லி, தோட்டத்தை நிர்வகிக்க வந்த துரைமாரில் அவர் கேட்காத ஆள் இல்லை. பதின்மூன்று வருடம் கேட்டார்.

1984இல் மண்ணைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான்தான் மொழிபெயர்த்தேன். பீப்பாயடி மண்ணை ஐஸ் பெட்டியில் பத்திரமாக எடுத்துப் போனார். அதே மண்ணில் வெறுங்காலோடு நின்ற மனிதரின் இரத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதத்தில் அறிக்கை வந்தது. வருடக்கணக்காக மருந்து ஊறிய அந்த மண்ணில், மருந்தையே உடைத்துத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. அவற்றுக்குள் இருக்கும் ஒரு மரபணுதான் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கிறதாம். ஆனால் பாதி மருந்து தீரவே மூன்று வாரம் ஆகும், பீலித் தண்ணீரை நம்பாதீர்கள், பீப்பாயை மாற்றுங்கள் என்றும் அந்த அம்மா தெளிவாக எழுதியிருந்தார். துரை முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். மண்ணே மருந்தைத் தின்றுவிடுகிறது, இனி என்ன பயம் என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னும் சிரித்தார். படித்த மனிதர் செய்கிற அயோக்கியத்தனம் அது.

மிச்சப் பக்கத்தை நான் பத்திநாதனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மூணு வாரமா மாஸ்டர்? பீப்பா தண்ணி பீலிக்கு வர அரை மணி நேரங்கூட ஆகாதுங்களே" என்றார்.

மறுநாள் காலை வெறும் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய், துரை பங்களாவின் குடிநீர்த் தொட்டிக்கு மேலே உள்ள மேட்டில் நிறுத்தினார். ஒரு சொட்டு மருந்து கலக்கவில்லை. அதற்கே துரை செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"இந்த மண்ணும் பழகிக்கிருங்க தொரை. ஒரு பதிமூணு வருசம் குடுங்க."

அன்று மத்தியானமே பீப்பாய் லயத்துக்கும் பீலிக்கும் வெகு கீழே போய்விட்டது. பத்திநாதனை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பீப்பாயை மாற்றிய உத்தரவில், குடிநீரின் பாதுகாப்பு கருதி என்று எழுதியிருந்தது. யாருடைய குடிநீர் என்று எழுதவில்லை.