கண்டக்டருக்கு மெமோ வாங்கித் தரப் பார்த்தேன்

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை.

நேற்று திருமயம் பஸ்ஸில் மறந்து விட்ட பையை, மகளின் சர்டிபிகேட்டுகளோடு, கண்டக்டர் இன்று பத்திரமாகத் திருப்பித் தந்தார். வானம் பூமாரி பொழிந்தது.

அங்கேயே டிப்போ மேனேஜருக்கு இங்கிலீஷில் பாராட்டு எழுதினேன்: ‘பிகாஸ் ஆஃப் யுவர் கண்டக்டர்...’

எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார். “அண்ணே, நான் ஏதோ தப்புப் பண்ண மாதிரில இருக்கு! மெமோ வந்துரும். ‘தேங்க்ஸ் டு’ போடுங்க.”

“ரெண்டும் ‘உங்களால’தானே தம்பி?”

“அதுல பழி வாடை அடிக்குதுண்ணே. இதுதான் நம்ம ‘புண்ணியத்துல’.”

மாற்றினேன். திருமயம் கோட்டைப் பீரங்கி இருபத்தொரு முறை முழங்கியது.

சரி, பூமாரியும் பீரங்கியும் பொய். பை கிடைத்தது நிஜம். மகள் நாளைக்கு இண்டர்வியூ போகிறாள், அந்த மனுசன் புண்ணியத்துல.

அதே அர்த்தம் சொல்லும் ‘ஓயிங் டு’வை எங்கே போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு மறுபடி ஆபத்து வரக் கூடாது.