மணி பிரித்த தையல்காரர்

என் சித்தியின் மருமகன் தையல்காரர். பிசிறைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. பள்ளிக் கண்காட்சிக்காக அவர் மகள் மடிப்பு மடிப்பாக இரண்டு துணி தைத்து, ஒன்றில் மட்டும் மணிகளைக் கோணல்மாணலாகக் கோத்திருந்தாள். கண்காட்சி அன்று காலையில் மனுஷன் அதைத் தையல் பிசகென்று நினைத்து மணிகளையெல்லாம் பிரித்துவிட்டார்.

“ஐயோ அப்பா! ரெண்டும் செல்லுக்குள்ள இருக்கிற எண்டோபிளாச வலை. வழவழப்பானது கொழுப்பு செய்யும், நஞ்சை முறிக்கும். சொரசொரப்பானதுதான் புரதம் செய்யும், அந்த மணிங்கதான் ரைபோசோம். இப்ப என் செல்லுக்குப் புரதமே இல்ல!”

“அழாதடி, புரதத்தை அப்பா தைச்சுத் தர்றேன்.”

கண்காட்சியில் நடுவர் வந்தபோதும் அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மணி தைத்துக்கொண்டிருந்தார்.

“இவர் யாரும்மா?”

“ரைபோசோம் ஒட்டுறவர் சார். நிஜ செல்லுலயும் அது வந்து ஒட்டும், அப்புறம் போயிடும்.”

நடுவர் சிரித்துக்கொண்டே முதல் பரிசைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நிமிரவே இல்லை.

“கொஞ்சம் இருங்க சார், இன்னும் நாலு புரதம் பாக்கி.”